சீதன வீட்டில் யார் இருப்பது?

குருநகர்,
யாழ்ப்பாணம்,
09.02.2025

அன்புத் தங்கச்சி யோசப்பினுக்கு,

அண்ணை எழுதுகிறேன். மாதாவின் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழும்பி நடமாடுகிறோம். எனக்குச் சீனி கொஞ்சம் கூட, கால் கொஞ்சம் வீக்கம், வாய் மட்டும் குறையவில்லை என்று மருமகள் சொல்லுகிறாள். உன் முழங்கால் எப்படி? அந்தக் குளிருக்குள் காலுறை போடாமல் திரிகிறாயோ?

தொலைபேசியில் உன் குரல் எனக்கு வண்டு இரைகிற மாதிரித்தான் கேட்கிறது. சண்டைக்காலத்தில் செல் குண்டு விழுந்த அன்று போன காது இனி வரப்போவதில்லை. ஆகவே பழையபடி கடிதம்தான். நீ சிரித்தாலும் சிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாம் பூசை முடியக் கோயில் மண்டபத்தில் கூடுகிற எங்கள் வீட்டுக் குழுவைப் பற்றி முன்பும் எழுதியிருந்தேன். தலைவர் நான், மேசன் சந்தியோகு செயலாளர். வேதக்காரர், சைவக்காரர் என்று சமயம் பார்ப்பதில்லை. ஒரு குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது என்று கதை அடிபட்டால், அதற்கு முன்னமே போய் நிற்போம். வீட்டுக்காரரிடம் தவணை கேட்போம். சரிவராவிட்டால், வெளிநாட்டுக்குப் போன ஆட்கள் பூட்டிவிட்ட வீடு ஒன்றைக் கேட்டுத் திருத்தி அவர்களைக் குடியேற்றுவோம். பிறகு காணி தேடுவோம். காணி இல்லாதவனுக்கு அரசாங்கத்தின் வீட்டுத்திட்டமும் இல்லை, தெரியும்தானே.

இப்போது நிரோஜினி என்று ஒரு பிள்ளை. வலிகாமம் வடக்குக் கடற்கரையில் இருந்து இடம்பெயர்ந்த குடும்பம். இவள் பிறந்ததே முகாமில். புருசன் லோஜன் போன வருடம் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள். கொழும்புத்துறையில் அவள் இருக்கிற வாடகை வீட்டின் சொந்தக்காரர் பிரான்சில் இருந்து வருகிறாராம், மார்ச் முடிய வீட்டைவிட்டு எழும்பச் சொல்லிவிட்டார். போக இடமில்லை.

உன் சீதன வீடு, வாடகைக்கு இருந்த வாத்தியார் குடும்பம் போனதில் இருந்து பூட்டிக் கிடக்கிறது. அப்பாவும் நானும் கல் சுமந்து கட்டின வீடு, கறையானுக்கா கட்டினோம்? ஒரு வருடத்துக்கு இந்தப் பிள்ளையை இருத்தவா? உன் சம்மதத்தைக் கெதியாக எழுது.

உன் மகன் சுரேசுக்கும் அவன் மனுசிக்கும் என் அன்பு.

உன் அண்ணை,
அடைக்கலநாதன்


ஸ்காபரோ,
கனடா,
09.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

யோசப்பின் எழுதுவது. உங்கள் கடிதம் சுற்றி அலைந்து வந்து சேர்ந்தது. நான் நல்ல சுகம். முழங்காலும் சொன்னபடி கேட்கிறது. காலுறை போட்டுத்தான் திரிகிறேன், பேசாதேயுங்கோ. சீனிக்குக் குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா, அல்லது வெறும் தேத்தண்ணீர் என்று மருமகளை ஏமாற்றுகிறீர்களா?

இங்கே இன்னும் பனி. சுரேஸ் நல்லாயிருக்கிறான். அவனுக்கு வேலை கூட. இனிமேல் எனக்குக் கோயில் முகவரிக்கே எழுதுங்கள், உறையில் எழுதியிருக்கிறேன். வீட்டுத் தபால்பெட்டியில் கடிதங்கள் தொலைகின்றன.

தவக்காலம் தொடங்கிவிட்டது. ஊரில் பாடுகளின் பாட்டு இப்போதும் அதே மெட்டில்தான் பாடுகிறார்களா?

அண்ணை, வீட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். குசினி ஓடு இப்போதும் ஒழுகுகிறதா? கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா? ஒரு ஆள் போய் இருக்கக்கூடிய மாதிரி வீடு இருக்கிறதா? இவ்வளவும் எழுதுங்கள்.

அன்புத் தங்கச்சி,
யோசப்பின்


குருநகர்,
06.04.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீ அப்படியே அம்மாதான். ஓம் என்று நேரே சொல்லமாட்டாய். குசினி ஓடு, கிணறு, ஒரு ஆள் இருக்கலாமா என்று கேட்டாயே, அதில் உன் மனது எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பிள்ளை நனையக்கூடாது என்று யோசித்திருக்கிறாய். சந்தோசம்.

சந்தியோகு ஓடு மாற்றினான். மற்றவர்கள் கிணற்றை இறைத்து, வளவில் முளைத்த நாயுருவி எல்லாம் பிடுங்கினார்கள். நான் கதிரை போட்டு இருந்து அதிகாரம் செய்தேன். மார்ச் கடைசி நாள் நிரோஜினி பிள்ளைகளோடு வந்து பால் காய்ச்சினாள். கதவுப் பூட்டின் திறப்பை அவள் கையில் கொடுத்தபோது வாங்காமல் நின்றாள். "நான் ஒருநாளும் வீட்டுத் திறப்பு வைச்சிருந்ததில்லை ஐயா, வாடகை வீட்டிலையும் லோஜன்தான் வைச்சிருந்தவர்" என்றாள். சின்னவள் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

உனக்குப் புண்ணியம். பெரிய வியாழனுக்கு உன் பெயரில் ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன். சுகத்தோடு இரு.

உன் அண்ணை,
அடைக்கலநாதன்


ஸ்காபரோ,
13.04.2025

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம். நான் கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை, அதற்குள் இதை அவசரமாக எழுதுகிறேன்.

வீட்டில் ஒருவரையும் இருத்த வேண்டாம். முந்திய கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஓகஸ்ட் மாதம் நான் வருகிறேன். வந்தால் அந்த வீட்டில்தான் இருப்பேன். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர், நானும் வந்து நெருக்க விருப்பமில்லை.

அந்தப் பிள்ளைக்கு வேறு இடம் பார்த்துக் கொடுங்கள். உங்களால் ஏலும்.

அன்புடன்,
யோசப்பின்


குருநகர்,
11.05.2025

தங்கச்சி,

உன் கடிதமும் என் கடிதமும் எங்கோ ஆகாயத்தில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. இப்போது என்னுடையது உனக்குக் கிடைத்திருக்கும். அவர்கள் வந்து கிழமைக்கணக்காகிவிட்டது. எனக்கு நித்திரை இல்லை.

முதலில் உன் சுகத்தைச் சொல். மருமகள் உனக்கு வட்ஸ்அப்பில் எடுத்தாள், உன் நம்பர் வேலை செய்யவில்லை. சுரேசுக்கும் எடுத்தாள், அவன் எடுக்கவில்லை. உங்கள் எல்லோருக்கும் அப்படி என்ன சோலி?

ஓகஸ்டில் வருகிறாய் என்றால் சந்தோசம். வந்து ஒரு மாதம் நிற்பாய். அதற்கு என் வீடு போதாதா? பேரப்பிள்ளைகள் விறாந்தையில் படுப்பார்கள், அவர்களுக்கு அது கொண்டாட்டம். ஒரு மாத விடுமுறைக்காக மூன்று சீவன்களை எழுப்பச் சொல்லுகிறாயா? பெரியவளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்து இப்போதுதான் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். சின்னவள் முதல் கிழமை முழுக்கச் சப்பாத்தைக் கழற்றாமல் படுத்தாளாம். திரும்பவும் போக வேண்டிவரும் என்று நினைத்திருக்கிறது அந்தக் குஞ்சு. இப்போதுதான் கழற்றுகிறாள்.

ஒரு வருடம் தா. கோப்பாயில் ஒருவரிடம் இரண்டு பரப்புக் காணி கேட்டிருக்கிறோம். அவர் மனம் வைத்தால் இவளுக்கு வீட்டுத்திட்டத்துக்கு வழி வரும்.

பதிலை இழுத்தடிக்காதே. முழங்காலுக்கு எண்ணெய் பூசு.

அண்ணை


ஸ்காபரோ,
08.06.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். கைத்தொலைபேசி உடைந்துவிட்டது, வேறொன்று வாங்கவில்லை. சுரேசுக்கு எடுக்க வேண்டாம், அவனுக்கு வேலை இடம் மாறிவிட்டது.

எனக்கு வீடு வேண்டும், ஓகஸ்டுக்கு முன். என் பெயரில் இருக்கிற வீடு அது ஒன்றுதான். என்ன காரணம் என்று கேட்க வேண்டாம் அண்ணை.

உங்கள் உடம்பைப் பாருங்கள்.

யோசப்பின்


குருநகர்,
29.06.2025

யோசப்பினுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், சுகமா?

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். வீடு உன்னுடையது. காரணம் கேட்க வேண்டாம் என்கிறாய், கேட்கவில்லை. எனக்குத் தெரியும். விற்கப் போகிறாய். குருநகரில் இப்போது காணிக்கு நல்ல கிராக்கி. சுரேஸ் சொல்லிக் கொடுத்திருப்பான்.

இங்கே வீடு தேடித் தேடிச் சந்தியோகுவின் சைக்கிள் ரயர் தேய்ந்துவிட்டது. புருசன் இல்லாத பெண் என்றால் ஒருத்தர் யோசிக்கிறார், சைவப் பிள்ளை என்றால் மற்றவர் யோசிக்கிறார், இரண்டு குமர் வளர்கிறது என்றால் எல்லோரும் யோசிக்கிறார்கள். கோப்பாய்க் காணிக்காரர் பிள்ளைகளோடு கதைத்துச் சொல்கிறேன் என்று போனவர், அப்படியே போய்விட்டார். நான் நிரோஜினிக்கு விசயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை, பெட்டி எத்தனை வேண்டும் என்று கணக்குப் பார்த்தாள். அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நீ அங்கே கீழும் மேலும் அறை வைத்த வீட்டில், சூடு போட்டுக்கொண்டு இருக்கிறாய். கூரை இல்லாமல் படுக்கிற ஆளின் நெஞ்சிடி உனக்கு எங்கே விளங்கப் போகிறது? வெளிநாட்டுக்குப் போனால் மனமும் பனிக்கட்டியாகிவிடுமோ? அம்மா இருந்திருந்தால் உன்னைப் பார்த்து வெட்கப்பட்டிருப்பா.

ஓகஸ்ட் பத்தாம் திகதி திறப்பை வாங்கிவிடுவேன். உன் வீட்டை நீயே கட்டிப்பிடித்துக்கொண்டு இரு.

அடைக்கலநாதன்


குருநகர்,
06.07.2025

மதிப்புக்குரிய யோசப்பின் அன்ரிக்கு,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் வீட்டில் இருக்கிற நிரோஜினி எழுதுகிறேன். நீங்கள் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளும் நானும் கும்பிடுகிறோம். உங்கள் முகவரியை ஐயாவுக்கு வந்த கடித உறையில் பார்த்து எடுத்தேன், மன்னிக்கவும்.

ஐயா உங்களுக்குக் கோபமாக எழுதியதாகச் சொன்னார். சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை என்று அவருடைய மருமகள் சொன்னா. அவரோடு கோபித்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் ஓகஸ்ட் பத்துக்கு முன் எழும்பிவிடுவோம். எங்கே என்று இன்னும் தெரியாது. ஐயாக்கள் தேடுகிறார்கள்.

வீடு எப்படி இருக்கிறதோ என்று உங்களுக்கு யோசனை இருக்கும். ஒன்றும் பழுதாக்கவில்லை. உங்கள் மாதா படம் அதே ஆணியில் இருக்கிறது. எங்கள் முருகனைச் சுவரில் மாட்டவில்லை, அலுமாரிக்கு மேலே சாய்த்து வைத்திருக்கிறேன். மற்றவர்களின் வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது என்று அம்மா சொல்லித் தந்தவ. முகாமிலும் அடிக்க இடமில்லை, பிறகு இருந்த வீடுகளிலும் அடிக்கவில்லை. எனக்கு இந்த வயது வரைக்கும் ஆணி அடிக்கத் தெரியாது என்றால் நம்புவீர்களா?

மற்றவர்களின் இடத்தில் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். சத்தம் போடாமல் நடக்க வேண்டும், குசினியில் மற்றவர்கள் முடித்தபிறகு அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளை இருமினால் வாயைப் பொத்த வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளைகள் கத்தி விளையாடினார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் எழுதினேன்.

இப்படிக்கு,
லோ. நிரோஜினி


ஸ்காபரோ,
03.08.2025

அன்பான மகள் நிரோஜினிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பிள்ளைகள் சுகமா? சின்னவளுக்கு இருமல் என்றால் கற்பூரவள்ளி அவித்துக் கொடுங்கள், கிணற்றடியில் நட்டிருந்தேன், இருக்கிறதோ தெரியாது.

நீங்கள் எழும்ப வேண்டாம். இதை முதலில் சொல்லிவிட்டேன், மற்றதை இனி எழுதுகிறேன்.

அண்ணைக்கு வேறு கடிதம் எழுதப் பலமுறை இருந்தேன். கை ஓடவில்லை. உங்களுக்கு எழுத ஓடுகிறது. நீங்கள் குசினியைப் பற்றி எழுதிய இடத்தை வாசித்துவிட்டு நான் கோயில் வாங்கில் இருந்தபடியே அழுதேன். எனக்கும் இப்போது அப்படித்தான் மகள்.

எனக்கு இங்கே வீடு இல்லை. சுரேசும் மனுசியும் போன வருடம் பிரிந்துவிட்டார்கள், வீட்டை விற்றார்கள். அவன் வேறு மாகாணத்துக்குப் போனான், கூப்பிடுகிறேன் அம்மா என்றான், கூப்பிடவில்லை. பிள்ளை பார்க்கிற வேலைக்கு ஒரு வீட்டில் நிலக்கீழ் அறையில் இருந்தேன். பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்க என்னையும் போகச் சொன்னார்கள். மாசி மாதத்தில் இருந்து பெண்களுக்கான காப்பகத்தில் இருக்கிறேன். ஒரு அறைக்குள் நாலு பேர். விடிய எட்டு மணிக்கு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும், பின்னேரம்தான் திரும்ப விடுவார்கள். இடையில் கோயிலில் இருப்பேன், அது பூட்டினால் கடைத்தெரு மண்டபத்தில் நடப்பேன். வீட்டுக்காரி மாதிரி ஒரு கைப்பையோடு நடந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஆகையால்தான் வந்து இருக்க வீட்டைக் கேட்டேன், விற்பதற்கு அல்ல. கோயில் ஆட்கள் பயணத்துக்கு ஒழுங்கு செய்து தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு ஆளுக்காக மூன்று பேரைத் தெருவில் விட்டு எனக்கு நித்திரை வராது. என் பெயர் இங்கே முதியோர் வீட்டுக்குக் காத்திருக்கிற வரிசையில் இருக்கிறது. வரும், காலம் எடுக்கும்.

அண்ணைக்கு இதைச் சொல்ல வேண்டாம். தங்கச்சிக்குக் கல்வீடு கட்டிக் கொடுத்தவன் என்று அவர் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடந்த ஆள். கேட்டால் உடைந்து போவார், சுரேசையும் திட்டித் தீர்ப்பார். ஓகஸ்டில் வரவில்லை, மனம் மாறிவிட்டேன் என்று அவருக்கு ஒரு வரி எழுதிப் போடுகிறேன்.

முருகனுக்கு ஆணி அடியுங்கள் மகள்.

அன்ரி,
யோசப்பின்


குருநகர்,
31.08.2025

என்ரை தங்கச்சி யோசப்பினுக்கு,

உன் சுகத்தைக் கேட்க எனக்கு முகமில்லை. முதல் கடிதத்தில் இருந்து நல்ல சுகம் நல்ல சுகம் என்று எழுதினாய், நானும் நம்பினேன். வேறு யாருடைய தங்கச்சி என்றாலும், கோயில் முகவரிக்கு எழுது என்று சொன்ன அன்றைக்கே பிடித்திருப்பேன். அதுதானே எங்கள் வேலை.

நிரோஜினியை ஒன்றும் சொல்லாதே. அவளுக்கு நீ எழுதின கடிதம் வந்து ஒரு கிழமையாகவில்லை. அது வரும்வரை உன்னைக் கடைசியாய் ஒருக்கால் கேட்டுப் பார்ப்போம் என்று நான்தான் திறப்பை வாங்காமல் தவணை போட்டிருந்தேன். கடிதம் கிடைத்த நாளில் இருந்து அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு வீடு கிடைக்காத கவலை என்று நினைத்தேன். மனம் மாறிவிட்டேன் என்று நீ எனக்குப் போடுவதாக அவளுக்கு எழுதின அந்த ஒரு வரி இன்னும் வந்து சேரவில்லை. இன்று கூட்டத்தில், புதிதாக இடம் தேவைப்படுகிற ஆட்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று வழக்கம்போலக் கேட்டேன். அவள் எழும்பி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எங்கள் ஊர் ஆள் ஒருவர், அறுபது வயது, புருசன் இல்லை, வெளிநாட்டில் காப்பகத்தில் இருக்கிறா, ஊருக்கு வந்தால் இருக்க இடமில்லை என்றாள்.

நான் எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டேன். "கூடப்பிறந்த ஆக்கள் இல்லையோ?"

"இருக்கினம் ஐயா. தமையன் ஒராள் இருக்கிறார்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைத் தெரியும்தானே. "தமையன் இருந்துகொண்டு தங்கச்சியை உப்பிடியோ விட்டிருக்கிறான்? உவன் அங்கை என்ன செய்யிறான்?"

"எங்களுக்கு வீடு தேடித் திரியிறார்" என்றாள்.

பெயரை அவள் பிறகுதான் சொன்னாள், எனக்கு அது தேவைப்படவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் நான் விம்மி அழுதேன் யோசப்பின். அம்மா வெட்கப்படுவா என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்து எறி. வெட்கப்படுவது யாரைப் பார்த்து என்று இப்போது தெரிகிறது. நிரோஜினி பக்கத்தில் நின்று, "அன்ரி சொல்ல வேண்டாம் எண்டவ, நான் சொல்லிப்போட்டன், அவ என்னைப் பேசட்டும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நான் கண்ணைத் துடைக்கிறதற்குள் சந்தியோகு கூட்டத்தைக் கையில் எடுத்துவிட்டான். முன் அறையும் விறாந்தையும் உனக்கு, பின் அறைகள் இரண்டும் நிரோஜினிக்கு. குசினி பொது, முதலில் எழும்புகிறவள் அடுப்பு மூட்டுவாள், ஒருவரும் காத்திருக்கத் தேவையில்லை. கோப்பாய்க் காணிக்காரரை விடப்போவதில்லை, அடுத்த கிழமை எல்லோருமாய் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கப் போகிறோம். இவ்வளவும் எழுதி முடித்துவிட்டுச் சந்தியோகு, வீட்டுச் சொந்தக்காரியின் சம்மதம் எடுத்தாயிற்றா என்று என்னைக் கேட்டான். போன முறை எடுக்காமல் செய்தது அவனுக்குத் தெரியும்.

ஆகவே குழுத் தலைவராகக் கேட்கிறேன். குருநகரில் உள்ள உன் வீட்டில், யோசப்பின் என்கிற பெண்ணைக் குடியேற்ற உனக்குச் சம்மதமா? அவளுக்கு ஒரு தமையன் இருக்கிறான், அவனை நம்ப வேண்டாம், குழுவை நம்பு.

கோயில் ஆட்களிடம் போய்ப் பயணத்தைத் திரும்பக் கேள். இதைக் கூரியரில் போடுகிறேன். நிரோஜினியின் நம்பர் கீழே இருக்கிறது. நீ கடிதம் எழுத வேண்டாம், எழுதினால் இன்னும் மூன்று கிழமை போய்விடும். யாருடைய தொலைபேசியையாவது வாங்கி இன்றைக்கே எடுத்து, ஓம் என்று மட்டும் சொல்.

உன் அண்ணை,
அடைக்கலநாதன்